ட்ரைசூட்டுக்கு ஃபின் தேர்வு: முதலில் பூட்ஸ், கடைசியில் ஃபின் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் வார இறுதிகளில் கூடும் ஒரு டைவிங் குழுவில் நடந்த விஷயம் இது. அந்தக் குழுவின் பயிற்றுநர்களில் நானும் ஒருவன். சம்பந்தப்பட்டவர் எழுதச் சம்மதித்தார். அவரையோ மற்றவர்களையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். வெதுவெதுப்பான கடலில் டைவிங் கற்றுக்கொண்டு, வேலைக்காகக் குளிர்நாட்டுக்கு வந்து, இங்கேயும் இறங்கிப் பார்க்கலாமே என்று நினைக்கிற தமிழர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். ஏதோ ஒரு கட்டத்தில் அவர்கள் எல்லோரும் கேட்பது, "ட்ரைசூட்டுக்கு எந்த ஃபின் வாங்கலாம்?" என்பதுதான். ட்ரைசூட் என்பது நீர் உள்ளே புகாத குளிர்நீர் டைவிங் உடை, ஃபின் என்பது நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு. இந்த ஒரு நிகழ்வை முழுதாகப் பார்த்தால், அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருப்பது தெரியும்.

இவர் முப்பதுகளில் இருக்கும் பெண். உயரம் 158 செ.மீ., எடை 54 கிலோ, பாதம் பிரிட்டிஷ் அளவில் 5. அந்தமானில், இப்போது ஸ்வராஜ் த்வீப் எனப்படும் ஹேவ்லாக் தீவில் கற்றவர். அங்கே நீர் 28 டிகிரி, 3 மி.மீ. வெட்சூட், அலுமினிய சிலிண்டர், மிதக்காமல் கீழே இறங்க இடுப்பில் இரண்டு மூன்று கிலோ ஈயம், அவ்வளவுதான் சுமை. நீருக்குள் பதற்றமில்லாதவர், காற்றை அளவாகச் செலவழிப்பவர். திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஆசை ஸ்காபா ஃப்ளோ. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளுக்கு நடுவில் உள்ள இயற்கைத் துறைமுகம் அது. முதல் உலகப் போர் நின்ற பிறகு அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்ட 74 ஜெர்மன் போர்க்கப்பல்களில் 52ஐ, 1919 ஜூன் 21 அன்று ஜெர்மன் மாலுமிகளே மூழ்கடித்தார்கள். பிற்பாடு பெரும்பாலானவற்றைத் தூக்கி உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஏழு கப்பல்களைப் பார்க்கத்தான் உலகெங்கிலுமிருந்து டைவர்கள் போகிறார்கள். கோடை முடிவில்கூட நீர் 13, 14 டிகிரிதான். ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒரு வாரம் முழுக்க இறங்க வேண்டுமென்றால் ட்ரைசூட் இல்லாமல் நடக்காது.

ட்ரைசூட் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வெட்சூட்டுக்குள் நீர் போகும், ட்ரைசூட்டுக்குள் போகாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான பட்டைகள் நீரை அடைத்துவிடும், பாதம் சூட்டோடு ஒட்டிய பூட்ஸுக்குள் இருக்கும், உள்ளே கம்பளி போன்ற தடிமனான உள்ளுடை. ஆழம் போகப் போக சூட் உடம்பை நெருக்கும் என்பதால் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட வேண்டும். மேலே வரும்போது தோள்பக்கத்து வால்வு வழியாக அதை வெளியேற்ற வேண்டும். ஆக, உடம்பைச் சுற்றி எப்போதும் ஒரு காற்றுப் படலம் உண்டு. கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி மேட்டுப் பக்கம் ஓடுவதைப் போல, உடம்பில் எந்தப் பகுதி உயர்ந்திருக்கிறதோ அங்கே அந்தக் காற்று ஓடிவிடும்.

அவர் வாங்கியவை

நீச்சல் குளத்தில் ட்ரைசூட் பயிற்சியைக் குழுவின் இரவல் சூட்டிலும் இரவல் ஃபின்னிலும் நன்றாகவே முடித்தார். பிறகு சொந்தமாக ஒரு சூட் வாங்கினார்: மூன்று அடுக்குத் துணியால் ஆன, ட்ரைலாமினேட் எனப்படும் வகை, இரண்டாம் கை. உடம்புக்குச் சரியாகவே இருந்தது. பூட்ஸ் மட்டும் 7. "தடி சாக்ஸ் ரெண்டு போட்டா சரியாயிடும்" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். ஃபின் புதிதாக எதற்கு என்று அந்தமான் நாட்களிலிருந்து வைத்திருந்த தன்னுடையதையே கொண்டுவந்தார். நீளமான, லேசான பிளாஸ்டிக் ஃபின். குதிகாலில் ரப்பர் பட்டை. நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் செய்த மெல்லிய பூட்டீஸ் போட்ட காலுக்கு ஏற்ற, பாதம் நுழையும் குறுகலான கால்பை.

தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் மோசமான பொருள் இல்லை. மூன்றும் ஒன்றுசேர்ந்து முதல்முறையாக நீருக்குள் போனது, நீச்சல் குளத்தில் அல்ல, கல்குவாரியில்.

மார்ச் மாதம் நடந்தது

லெஸ்டர்ஷையரில் உள்ள ஸ்டோனி கோவ், பழைய கிரானைட் குவாரி. கல் உடைப்பு நின்றபின் ஊற்றுநீர் நிரம்பி, இப்போது உள்நாட்டு டைவர்களின் பள்ளிக்கூடமாக இருக்கிறது. படிக்கட்டு மாதிரி தளங்கள்: முதல் தளம் ஆறேழு மீட்டர், அடுத்தது இருபதை ஒட்டி, கடைசி 35 மீட்டர் அளவில். அன்று நீர் 6 டிகிரி. அவருக்குக் கூட்டாளியாக இன்னொரு பயிற்றுநர் போனார். நான் கரைப் பொறுப்பு. இனி வருவது அவர்கள் இருவரும் மேலே வந்ததும் தனித்தனியாகச் சொன்னதும், ஆழத்தையும் மேலேறும் வேகத்தையும் அளக்கும் இருவரின் டைவ் கம்ப்யூட்டர்களில் பதிவாகியிருந்ததும்.

முதல் பத்து நிமிடம் மேல் தளத்திலேயே சுற்றினார்கள். அவர் உதைத்த அளவுக்கு நகரவில்லை என்றும், கால்கள் லேசாக மேலே தூக்கியபடியே இருந்தன என்றும் கூட்டாளி கவனித்திருக்கிறார். தளத்தின் விளிம்புக்கு வந்ததும், கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தலையைத் தாழ்த்திக் குனிந்தார். சூட்டுக்குள் இருந்த காற்று முழுவதும் காலுக்கு ஓடியது. பெரிய பூட்ஸ் உப்பியது. பாதம் பூட்ஸின் அடியிலிருந்து கழன்று, குதிகால் பூட்ஸின் கழுத்துப் பகுதிக்கு ஏறிவிட்டது. இந்த நிலையில் எவ்வளவு உதைத்தாலும் ஃபின்னுக்கு விசை போய்ச் சேராது. இடது ஃபின் கழன்று, தானாகவே மேலே மிதந்து போய்விட்டது.

தலைகீழாகக் கால் முன்னே மேலேறும்போது செய்ய வேண்டியதை அவர் பயின்றிருந்தார்: முழங்காலை நெஞ்சோடு மடக்கி, ஒரு குட்டிக்கரணம் போட்டு நிமிர்ந்து, வால்வைத் திறக்க வேண்டும். முயன்றும் பார்த்தார். பாதம் பூட்ஸில் இல்லாததால் முழங்கால் சூட்டின் முழங்கால் இடத்தில் இல்லை, மடங்கவில்லை. கூட்டாளி அவருடைய பிசிடியின் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேல்சட்டை) தோள்பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, மூன்று மீட்டரில் அவரைத் திருப்பி நிமிர்த்தினார். அங்கிருந்து இருவரும் கம்ப்யூட்டர் அலறும் வேகத்தில் மேலே வந்தார்கள்.

ஏழு மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 1.7 பார், மேலே 1 பார். கீழே ஒரு லிட்டராக இருந்த காற்று மேலே வருவதற்குள் 1.7 லிட்டராகிவிடும், ஒவ்வொரு லிட்டரும் ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கும். காற்று பெருகப் பெருக வேகம் கூடும், வேகம் கூடக்கூட இன்னும் பெருகும். ஆழம் குறைவுதானே என்று இதை அலட்சியம் செய்ய முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிய இந்த ஆழம் தாராளமாகப் போதும். அவர் வழியெல்லாம் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வந்தார். அது பயிற்சி, அதிர்ஷ்டம் இல்லை.

கரையில் அவரை உட்கார வைத்து, ஆக்சிஜன் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூச்சு, நெஞ்சு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல் என ஒவ்வொன்றாகக் கேட்டுக் கவனித்தோம். எந்த அறிகுறியும் இல்லை, மறுநாள்வரை வரவும் இல்லை. அன்றைக்கு வேறு டைவ் கிடையாது என்று சொன்னபோது அவர் மறுக்கவில்லை. மிதந்து போன ஃபின்னை வேறொரு டைவர் எடுத்துவந்து கொடுத்தார்.

கரையில் பார்த்தது

சூடாக டீ குடித்துவிட்டு, நடந்ததைப் பேசுவதற்கு முன்னால் பொருட்களைப் பார்த்தோம்.

சூட்டின் பூட்ஸை அவர் காலோடு ஃபின்னுக்குள் நுழைக்கச் சொல்லி, கால்பையின் விளிம்பு நிற்கும் இடத்தில் வெள்ளை டேப் ஒட்டினோம். விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டுப் பகுதியோடு நின்றுவிட்டது. புறங்கால் முழுக்க வெளியே. ஃபின் பாதத்தில் மாட்டியிருக்கவில்லை, கடைசி ஓட்டைவரை இழுத்த பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு பூட்ஸுக்குள் பாதத்தை முன்னால் தள்ளச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன். தடி சாக்ஸோடேயே இரண்டு விரல் தாராளமாகப் போனது. அந்த இடைவெளி முழுவதும் காற்றுக்கான இடம்.

அடுத்து, பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு மிதவை மேடைக்குப் போனோம். தராசின் கொக்கியில் ஃபின்னை மாட்டி, ஃபின் முழுக்க நீருக்குள் மூழ்கும்படி, தராசு நனையாதபடி பிடிக்க வேண்டும். குளிரில் விரல் விறைத்த நிலையில் அது லேசில்லை. அவருடைய பிளாஸ்டிக் ஃபின்னுக்குத் தராசு ஒன்றும் காட்டவில்லை. அது கொக்கியிலிருந்து நழுவி நுனி மேலாக மிதந்தது. பக்கத்தில் ஒருவர் வைத்திருந்த கனத்த ரப்பர் ஃபின் நீருக்குள்ளும் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. ஜோடிக்கு ஒரு கிலோவை ஒட்டிய வித்தியாசம், அதுவும் உடம்பின் கடைக்கோடியில். தரையில் ஃபின்னைத் தூக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தரையில் கனமாக இருப்பதெல்லாம் நீரில் கனமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது விஷயம் ஈயம். சிலிண்டரில் 50 பார் மிச்சமிருக்கும்போது, சூட்டிலும் பிசிடியிலும் காற்று இல்லாமல், மேல்மட்டத்தில் கண்ணளவுக்கு மிதக்க வேண்டும் என்பது வழக்கமான சோதனை. வேறொரு நாள் செய்து பார்த்தபோது, 14 கிலோ கட்டியிருந்த இடத்தில் 11 போதும் என்று தெரிந்தது. அந்த மூன்று கிலோவை ஈடுகட்ட அவர் மூன்று லிட்டர் காற்றைக் கூடுதலாகச் சுமந்திருக்கிறார், பெரும்பாலும் சூட்டுக்குள். காலுக்கு ஓடியது அந்தக் காற்றுதான்.

ஆக, ஃபின் காலில் இல்லை. கால் பூட்ஸில் இல்லை. சூட்டில் தேவைக்கு மேல் காற்று. ஃபின்னை மட்டும் மாற்றியிருந்தால் இதில் ஒன்றுதான் சரியாகியிருக்கும்.

முடிவுகளும் காரணங்களும்

குழுவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வந்தது: "ஜெட் ஃபின் வாங்குங்க, கால் தானா கீழே போயிடும்." அந்தக் கருத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். நீரை வழியவிடும் துளைகள் கொண்ட, அகலமும் குட்டையுமான கனத்த ரப்பர் ஃபின்கள் 1960களிலிருந்து இருக்கின்றன. உடைவதில்லை, கால்பை பெரியது, தவளை உதைக்கும் பின்னோக்கி நகரும் உதைக்கும் நன்றாகக் கட்டுப்படும், வண்டலைக் கிளப்பாது. நீரில் கனமும் உண்டு. தடித்த நியோப்ரீன் ட்ரைசூட் போட்ட உயரமான ஆளுக்கு, அந்தக் கால்துணியே மிதப்பதால், இந்தக் கனம் வரம். அந்த அறிவுரையைச் சொல்லும் பெரும்பாலோர் அப்படிப்பட்ட உடல்வாகும் சூட்டும் கொண்டவர்கள்.

இவருடைய சூட் மெல்லிய துணி, தானாக மிதக்காது. ஆளும் குட்டை. இங்கே வழக்கமான 12 லிட்டர் எஃகு சிலிண்டர் அவர் முதுகில் இடுப்புக்குக் கீழே வரை வரும். எடை ஏற்கெனவே கீழ்ப்பக்கம்தான்.

அதனால் வரிசையை முடிவு செய்தோம். முதலில் பூட்ஸ். பிறகு ஈயம். அதன்பின் ஃபின்.

பூட்ஸ்: சூட் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்து 7ஐ வெட்டி எடுத்து, 6 பொருத்தினார். 5 போட்டால் தடி சாக்ஸுக்கு இடமிருக்காது. நெருக்கினால் கம்பளியின் சூடும் போகும், ரத்த ஓட்டமும் குறையும், விரல் விறைக்கும். சூட்டோடு மெல்லிய நியோப்ரீன் சாக்ஸ் மட்டும் வைத்து, மேலே கயிறு கட்டும் தனி பூட்ஸ் போடும் முறையும் ஒன்று உண்டு. பாதத்தை மிக நன்றாகப் பிடிக்கும். ஆனால் அந்த பூட்ஸ் அகலமானது. அவருடைய சின்னப் பாதத்துக்கு மிகப் பெரிய ஃபின் தேவைப்பட்டிருக்கும். அதனால் விட்டோம். கெண்டைக்காலில் காற்று தேங்காமல் இருக்கத் துணிப்பட்டை ஒன்றைச் சுற்றிக்கொள்ளவும் யோசித்தோம். பூட்ஸ் மாற்றிய பிறகு தேவைப்படவில்லை.

ஈயம்: 11 கிலோவாகக் குறைத்து, அதில் இரண்டை இடுப்பிலிருந்து சிலிண்டரின் மேல் பட்டைக்கு மாற்றினோம். சூட்டுக்குள் நெருக்கம் போகும் அளவுக்கு மட்டும் காற்று, மிதப்புக்கு பிசிடி என்று பழக்கம் மாறியது. இதில் பயிற்றுநர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. மிதப்பையும் சூட்டிலேயே பார்த்துக்கொண்டால் ஒரு வேலை மிச்சம் என்பார்கள். ஈயம் சரியாக இருப்பவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கூடுதலாகக் கட்டியிருந்தவருக்கு நான் பிசிடியைத்தான் சொல்வேன்.

கணுக்கால் எடைகளை யோசித்துக் கைவிட்டோம். காலுக்கு அரைக் கிலோ வீதம் கட்டினால் கால் தாழும், உண்மைதான். ஒவ்வொரு உதைக்கும் அந்த எடையைத் தூக்கி அடிக்க வேண்டும். ஆபத்தில் ஈயத்தைக் கழற்றிவிடும்போது அது காலிலேயே இருக்கும். முக்கியமாக, பூட்ஸின் தொளதொளப்பை அது மறைக்கும், தீர்க்காது.

ஃபின் சோதனை

பூட்ஸ் மாறி வந்தபின் நீச்சல் குளத்தில் மூன்று வகையைப் போட்டுப் பார்த்தார். பக்கவாட்டில் ஒருவர் வீடியோ எடுத்தார். உள்ளுடையோடு குளத்தில் வியர்த்துக் கொட்டும். ஆனால் உள்ளுடை இல்லாமல் செய்யும் சோதனைக்கு அர்த்தமில்லை.

கனத்த ரப்பர் ஃபின், இரவல். பூட்ஸ் அழகாக உட்கார்ந்தது. நீருக்குள் நிறுத்தி, கை கால் அசைக்காமல் இருக்கச் சொன்னோம். மெல்ல மெல்லக் கால் இறங்கி, உடம்பு கிடைமட்டத்திலிருந்து சரிந்து நின்றுவிட்டது. "கால் மிதக்கற பயம் போச்சு அண்ணா. இப்போ யாரோ கீழேருந்து இழுக்கற மாதிரி இருக்கு" என்றார். சாய்ந்த நிலையில் உதைத்தால் உதை கீழ்நோக்கிப் போகும். குவாரியில் என்றால் அடுத்தவருக்கு ஒன்றும் தெரியாதபடி வண்டல் கிளம்பியிருக்கும். இன்னும் இரண்டு கிலோவை மேலே ஏற்றியபோது ஓரளவு நேரானது. ஆனால் இருபது நிமிடத்தில் கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு. அந்த ஃபின்னின் தட்டையான பகுதியான பிளேடின் விறைப்புக்கு அவர் காலின் பலம் போதவில்லை. பழகினால் வரும் என்று ஒருவர் சொன்னார். வரலாம். குளிர்நீரில் பழகுவதற்குள் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

அடுத்து, பிளேடு நடுவில் பிளந்திருக்கும் வகை. மேலும் கீழுமான சாதாரண உதைக்கு அத்தனை சுலபம். முழங்கால் தொல்லை உள்ள சிலர் அதைத் தவிர வேறு தொடமாட்டார்கள். தவளை உதைக்கு அது ஒத்துழைக்கவில்லை. பின்னோக்கி நகரவே முடியவில்லை. கப்பல் சிதைவுகளுக்குப் பக்கத்தில் போகப்போகிறவருக்கு அது பெரிய குறை.

மூன்றாவது, ரப்பர் ஃபின்னின் அதே அகலக் குட்டை வடிவம், ஆனால் லேசான தெர்மோபிளாஸ்டிக் ரப்பரில் செய்தது. ஏபெக்ஸ் ஆர்கே3, ஓஎம்எஸ் ஸ்லிப்ஸ்ட்ரீம் போன்றவை இந்த இனம். அடியோடு மிதப்பதுமில்லை, இழுப்பதுமில்லை. கால்பை ட்ரைசூட் பூட்ஸை மனதில் வைத்தே செய்யப்பட்டது. இதில் விறைப்புக் குறைந்த வகையைப் போட்டதும் வீடியோவில் தோள், இடுப்பு, முழங்கால் ஒரே கோட்டில் வந்தன. இதுதான் என்று முடிவானது.

அளவு எடுத்தபோது நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் வாங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். காலணி எண்ணைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் ஊகமாகத்தான் பதில் சொல்ல முடியும். ஒரு நிறுவனத்தின் எம், இன்னொன்றின் எல். அதனால் சூட்டையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். உள்ளுடை சாக்ஸ் போட்டு, பூட்ஸை மாட்டி, கால்பைக்குள் தள்ளிப் பார்த்தார். எம் அளவு போனது, ஆனால் புறங்காலை மேலிருந்து அழுத்தியது. பத்து நிமிடம் அப்படியே உட்காரச் சொன்னேன். சூடான கடைக்குள்ளேயே விரல்கள் மரத்தன. எல் அளவில் பூட்ஸின் நுனி கால்பையின் முன்துளை வரை போனது, விளிம்பு கணுக்கால் மடிப்புக்குச் சற்று முன்னால் நின்றது, காலை இடவலமாகத் திருப்பினால் ஃபின்னும் கூடவே திரும்பியது. எல் அளவையே எடுத்தார். பூட்ஸின் நீளத்தை மட்டும் பார்த்திருந்தால் எம்தான் வாங்கியிருப்பார். ட்ரைசூட் பூட்ஸில் கவனிக்க வேண்டியது அகலமும் புறங்காலின் உயரமும்.

பட்டை விஷயத்தில் தயக்கமே இல்லை. பிளாஸ்டிக் கொக்கிப் பட்டையைத் தடித்த கையுறையோடு இழுத்துச் சரிசெய்வது பெரும் பாடு. குளிரில் கொக்கி உடைவதும் உண்டு. எஃகு ஸ்பிரிங் பட்டையில் சரிசெய்ய ஒன்றுமில்லை. பின்னால் ஒரு பெரிய வளையம் இருக்கும், விரலை விட்டு இழுத்து மாட்டினால் முடிந்தது. ஆழத்தில் பூட்ஸ் நெருங்கிச் சிறுத்தாலும் ஸ்பிரிங் கூடவே இறுகிக்கொள்ளும்.

பிறகு

ஏப்ரல் முழுக்க மேல் தளத்தை விட்டு இறங்கவில்லை. முதல் வேலையே, வேண்டுமென்றே தலையைத் தாழ்த்திக் காற்றைக் காலுக்கு அனுப்பி, குட்டிக்கரணம் போட்டு நிமிர்வது. பாதம் பூட்ஸில் உட்கார்ந்திருந்ததால் முழங்கால் மடங்கியது. கால் லேசாக உப்பியதே தவிர எதுவும் கழலவில்லை. கூட்டாளி கை நீட்டும் தூரத்தில் காத்திருந்தார், தேவைப்படவில்லை.

மே மாதம் இருபது மீட்டர் தளத்தில் கிடக்கும் ஸ்டேன்கார்த் என்ற பழைய இழுவைக் கப்பலுக்குப் போனார். 2000ஆம் ஆண்டு டைவர்களுக்காகவே மூழ்கடிக்கப்பட்டது அது. அங்கே தசைப்பிடிப்பு ஒருமுறை வந்தது, வலது கெண்டைக்காலில். ஃபின்னின் நுனியைப் பிடித்து இழுத்து அங்கேயே சரிசெய்துகொண்டார். பின்னோக்கி நகரும் உதை இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் நின்ற இடத்தில் திரும்புவது வந்துவிட்டது.

அவர் வேண்டாமென்ற இரவல் ரப்பர் ஃபின், தடித்த நியோப்ரீன் சூட் வைத்திருக்கும் ஆறடி உயரமுள்ள ஒரு புது உறுப்பினர் காலுக்குப் போனது. அவருக்கும் கால் மிதக்கும் தொல்லை. பூட்ஸ் சரியாக இருந்தது, ஈயமும் சரி. அந்த ஃபின்னைப் போட்டதும் தொல்லை அன்றோடு தீர்ந்தது. குழுவில் எல்லோரும் சொன்ன அறிவுரை அவர் விஷயத்தில் அட்சரசுத்தமாகச் சரி.

செப்டம்பரில் ஸ்காபா ஃப்ளோ. கடல்நீர் அடர்த்தி கூடியது என்பதால் இரண்டு கிலோ ஈயம் சேர்த்துக்கொண்டார். கார்ல்ஸ்ரூஹ, டிரெஸ்டன், கோல்ன் என்ற இலகு ரகப் போர்க்கப்பல்களைப் பார்த்தார். பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பவை அவை. கவிழ்ந்து கிடக்கும் பெரிய போர்க்கப்பல்கள் ஆழம் அதிகம். அவற்றை அவர் இந்த முறை எடுக்கவில்லை, நல்ல முடிவு. ஆடும் படகில், முழுக் கவசத்தோடு, ஃபின்னை ஒரே கையால் மாட்டிக்கொண்டு குதிக்க வேண்டியிருந்தபோது ஸ்பிரிங் பட்டையின் அருமை தெரிந்தது என்றார்.

ஒரு குறையையும் சொன்னார். பர்ரா சவுண்ட் கால்வாயில், எதிரி நீர்மூழ்கிகளைத் தடுக்க மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களில் ஒன்றான டபார்காவுக்குப் போனபோது, நீரோட்டம் ஓய்ந்திருக்கும் சிறு இடைவேளை முடியும் தறுவாயில் இழுப்பு கூடியது. விறைப்புக் குறைந்த குட்டை பிளேடு அந்த இடத்தில் போதவில்லை. மற்றவர்கள் இரண்டு உதையில் கடந்ததை இவர் நாலு உதையில் கடந்தார். நீரோட்டமே பிரதானமான இடங்களுக்கு அடிக்கடி போகிறவர் என்றால் தேர்வு வேறாக இருந்திருக்கும்.

மாற்றியவை

டைவுக்கு முந்தைய எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் வால்வுகள், காற்று, ஈயம், கழற்றும் கொக்கிகள் எல்லாம் இருந்தன. ஃபின் இல்லை. இப்போது, புதிய சூட்டோ புதிய பூட்ஸோ கொண்டுவருபவர் முதலில் கரையில் உட்கார்ந்து ஃபின்னை மாட்டிக் காட்ட வேண்டும். விளிம்பு புறங்காலை எட்டுகிறதா, குதிகாலுக்குப் பின்னால் விரல் போகிறதா என்று பார்க்கிறோம். எந்தப் பொருள் மாறினாலும் முதல் இறக்கம் நீச்சல் குளத்தில். கைத்தராசு ஒன்று குழுவின் பெட்டியிலேயே இருக்கிறது. ஆளுக்கு ஆள் ஃபின்னை எடை போட்டுப் பார்க்கிறார்கள், அதில் கொஞ்சம் விளையாட்டும் உண்டு.

இரண்டாம் கை சூட் வாங்குபவர்களிடம், பூட்ஸ் மாற்றும் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்கிறோம். சூட் மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் அந்தச் செலவை யாரும் யோசிப்பதில்லை.

அவர் இந்தக் குளிர்காலத்துக்கு இன்னும் தடிமனான உள்ளுடை வாங்கியிருக்கிறார். சாக்ஸும் தடிமன் கூடும். பூட்ஸும் ஃபின்னும் மறுபடி பொருந்துகிறதா என்று அடுத்த வாரம் நீச்சல் குளத்தில் பார்க்கப்போகிறோம்; ஈயமும் ஒரு கிலோ ஏறும் என்பது என் கணிப்பு.